என் காதில் விழுந்த விஷமம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. இருபத்தோரு வருஷமாக ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். காலை உடைத்துக்கொண்டேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், எந்தக் கால், அன்றைக்கு மழை பெய்ததா, எக்ஸ்ரேயில் தேதி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ‘அடப்பாவமே’ என்பேன். வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டைக்கூட மூன்று தரம் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நாற்பத்தாறு வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் இருக்கும் எங்கள் தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் நின்று பதில் சொல்ல வேண்டும். “எங்கே கெளம்பிட்டே?” “ஏன் இப்படி எளைச்சுப் போயிட்டே?” ஓடினால் யாராலும் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது என்று ஒரு நாள் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து ஓட்டம்தான்.

ஷூ வாங்கப் போன கடையில் அந்தப் பையன் என் அளவுக்கு ஒரு சைஸ் கூடுதலாக எடுத்து வைத்தான். ஓடும்போது கால் வீங்கும் மேடம், விரலுக்கு முன்னால் இடம் வேண்டும் என்றான். என் சைஸ் ஸ்டாக்கில் இல்லை, அதுதான் காதில் பூ சுற்றுகிறான் என்று எனக்குத் தோன்றியது. பிடிவாதமாக என் சைஸையே வாங்கி வந்தேன். இரண்டு மாதத்தில் இரண்டு கட்டை விரல் நகமும் கறுத்து, ஒன்று முழுசாகக் கழன்று சாக்ஸுக்குள் கிடந்தது. அப்போதும் சாக்ஸைத்தான் குறை சொன்னேன்.

ஒரு தடவை என் சந்தேகம் பலித்ததும் உண்டு. நான் சேர்ந்திருந்த ஓட்டக் குழுவில் ஒருவர் ஏதோ சக்திப் பொடி விற்றார். தண்ணீரில் கலக்கிக் குடித்தால் களைப்பே வராதாம். டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தேன். வெறும் குளுக்கோஸ், கொஞ்சம் உப்பு, ஆரஞ்சு வாசனை. எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டினேன். ஆள் டப்பாக்களைப் பையில் அள்ளிக்கொண்டு கிளம்பினார். அந்த ஒரு வெற்றி என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

எங்கள் ஊர் ஓட்டக்காரர்களுக்குப் பொன்முடி மலைதான் பரீட்சை. கல்லாற்றில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, உச்சிக்குப் போக வேண்டும். பதினெட்டாம் வளைவில் எட்டரை மணிக்குக் கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குள் தாண்டாதவர்களைப் பின்னால் வரும் வேன் ஏற்றிக்கொள்ளும். நான் இரண்டு வருஷம் அந்த வேனில் ஏறினேன். முதல் தடவை கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, இரண்டாம் தடவை குதிகாலில் கொப்புளம். வேனுக்குள் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருப்பவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே மலையேறுவது போல ஒரு அவமானம் கிடையாது.

மூன்றாம் வருஷம் பெயர் கொடுத்தபோது என் கணவர் கேட்டார்.

“இந்தத் தடவையும் வேன்ல போய் எறங்கினா?”

“எறங்கினா ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். அப்புறம் ஓட்டம் கீட்டம்னு வாயைத் தொறக்க மாட்டேன். போறுமா?”

கோபத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். காலை அந்த ஒரு மணி நேரத்தில்தான் யாருடைய ஃபைலும் யாருடைய காபியும் என்னைத் துரத்தாது. அதை நானே பணயம் வைத்துவிட்டேன். நான் வாக்குக் கொடுத்தால் மாற்றமாட்டேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மலைக்கு நான்கு மாதம் இருக்கையில் எங்கள் கோச் என்னோடு ஒருத்தியைச் சேர்த்துவிட்டார். முப்பத்து நாலு வயது. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். பள்ளிக்கூடத்துக்கு மலை இறங்கி ஏறியே வளர்ந்தவள், ஏற்றம் என்றால் அவளிடம் விட்டுவிடுங்கள் என்றார் கோச். காலை ஐந்தேகாலுக்குக் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் எனக்காக நிற்பாள். இருவரும் சங்குமுகம் வரை ஓடித் திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரில் விதுரா வழியாகக் கல்லாறு போய் வளைவுகளில் பழகுவோம்.

“ஏத்தத்தோட வழக்கு போடண்டாம் அக்கா. வளைவு வந்தா நடங்க. நேரா உள்ள இடத்துல ஓடுங்க. அவ்வளவுதான்.”

அவள் தமிழ் இப்படித்தான் இருக்கும். பாதி அவள் அம்மாவுடையது, பாதி பள்ளிக்கூடத்தின் மலையாளம். குழுவில் எல்லோரிடமும் மலையாளம் பேசுவாள். என்னிடம் மட்டும் தமிழ். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

“அம்மா, தங்கச்சி கூட மட்டும்தான் தமிழ் பேசுவேன் அக்கா. அம்மா மரிச்சப்புறம் வேற யாருகிட்டயும் வாயில வரவே இல்ல. இப்ப உங்க கூட ஓடும்போது வருது.”

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூடவே ஒரு கண்ணால் அவளை அளந்துகொண்டுதான் இருந்தேன். முதலில் அவள் ஷூ. என் ஷூவைவிட இரண்டு மடங்கு உயர்ந்த ரகம், அடிப்பாகம் பஞ்சு மாதிரி. எங்கே வாங்கினாய் என்றேன். வாங்கவில்லை, ஹோட்டலில் தங்கிய யாரோ விட்டுவிட்டுப் போனது, மூன்று மாதம் வைத்திருந்து யாரும் கேட்டு வராததால் தனக்குக் கொடுத்தார்கள் என்றாள்.

“ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கா?” என்று கேட்டேன். என் வாய் அது.

“எல்லாம் எழுதி, ஒப்பு போட்டுத்தான் அக்கா தந்தாங்க” என்று சிரித்தாள். சிரித்தது சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

போனக்காட்டுப் பக்கம் மண்பாதையில் ஓடப் போன அன்று, சாக்ஸ் மேலே துணி சோப்பைத் தேய்க்கச் சொன்னாள். அட்டை ஏறாதாம். என்னை வைத்து வேடிக்கை பார்க்கிறாளோ என்று, ஒரு காலில் மட்டும் தேய்த்துக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் தேய்க்காத காலில் ஐந்து அட்டை, கொழுகொழுவென்று. அவற்றை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்துப் போட்டவள் அவள்தான். அந்தக் காலில் ஏன் தேய்க்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மலைக்குப் பதினைந்து நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் வளைவில் என் கெண்டைக்கால் பழையபடி இழுத்துக்கொண்டது. ரோட்டோரக் குட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தாமதம், அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பதை எட்டப் போகிறவள் நடுரோட்டில் குழந்தை மாதிரி அழுதேன். வாக்குக் கொடுத்த கதையை அவளிடம் சொன்னேன். வேனைப் பற்றிச் சொன்னேன். அவள் என் காலைத் தன் மடியில் வைத்து நீவிவிட்டாள். கீழே போகிற ஜீப் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி என்னை ஏற்றினாள்.

கல்லாற்றில் டீக்கடை. எனக்கு டீ சொல்லிவிட்டு, போன் அடித்ததும் கடைக்குப் பின்னால் போனாள். நான் முகம் கழுவ அந்தப் பக்கம் போனேன். ஓலைத் தட்டிக்கு அந்தப்புறம் அவள் தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது.

“இல்லடி, அந்த அக்காட்ட இப்ப சொல்ல முடியாது. அவங்களுக்கு இப்பவே நல்ல விஷமம். இதையும் சொன்னா இன்னும் கூடும். ரேஸ் கழியட்டும், பொறவு பறயலாம்.”

என் காது மடல் சுட்டது. எனக்கா விஷமம்? எங்கள் வீடுகளில் விஷமம் என்றால் குழந்தைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செய்கிற காரியம். பெரியவர்களுக்கு அந்த வார்த்தையைச் சொன்னால் அது வேறு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று அர்த்தம். நல்ல விஷமமாம். இப்போதுதான் மடியில் காலை வைத்து நீவிவிட்டாள், அதற்குள் இந்தப் பட்டம்! சரி, அதுகூடப் போகட்டும். ரேஸ் முடிகிற வரை என்னிடம் சொல்லக் கூடாத அந்த விஷயம் என்ன?

முகம் கழுவாமலே திரும்பி வந்து டீயைக் குடித்தேன். அவள் வந்து, “கால் எப்படி உண்டு அக்கா?” என்றாள். “பரவாயில்லை” என்றேன். ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அதுவும் எனக்குக் குற்றமாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் மூளை ஆபீஸ் வேலையைத் தொடங்கிவிட்டது. வளைவில் நடக்கச் சொல்கிறாளே, அது என்னை மெதுவாக்கத்தான். மலையில் வெகுநாளாய்ப் பழகியவள், முதல் சில பேரில் வரக்கூடியவள், எதற்காக என்னோடு தேய்ந்துகொண்டு ஓட வேண்டும்? அவளிடம் வண்டி இல்லை, கல்லாறு போய்ப் பழக என் கார் வேண்டும். அன்றைக்கு என்னைக் கழற்றிவிட்டு அவள் போய்விடுவாள். அதைத்தான் முன்னாலேயே சொல்ல முடியாது என்கிறாள். ஒன்றோடொன்று எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்தியது தெரியுமா! இத்தனை அழகாகப் பொருந்துகிற க்ளெய்மைத்தான் நான் ஆபீசில் இரண்டாம் தரம் பார்ப்பேன். இதைப் பார்க்கவில்லை.

மறுநாள் முழங்கால் வலி என்று அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, தனியாக வேறு பக்கம் ஓடினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கோச்சைப் பார்த்து, பேச்சோடு பேச்சாக, அந்தப் பெண் போட்டிருக்கிற ஷூ எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள், நாளைக்கு நம் குழுவின் பேர் கெட்டுவிடக் கூடாது பாருங்கள் என்று சொன்னேன். அக்கறையோடு சொல்வது போலத்தான் சொன்னேன். அவர் முகம் மாறியது. பார்க்கிறேன் என்றார். வெளியே வரும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது, அதை மறைத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை.

மலை நாள் வந்தது. கல்லாற்றில் ஐந்தே முக்காலுக்கு அவளைப் பார்த்தேன். காலில் பழைய கேன்வாஸ் ஷூ, சுண்டு விரல் பக்கம் தையல் போட்டது. கேள்வி வந்ததும் பொருள் காணாமல் போய்விட்டது பார்த்தாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் பக்கத்தில் வந்து, “சேர்ந்து போகலாமா அக்கா?” என்றாள். “நீ உன் ஓட்டத்தைப் பாரு” என்றேன்.

விசில் ஊதியதும் வெறி பிடித்த மாதிரி கிளம்பினேன். வளைவிலும் ஓடினேன், நேரிலும் ஓடினேன். கடிகாரம் இதயத் துடிப்பு கூடிவிட்டது என்று மணிக்கட்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதையும் நம்பவில்லை. பத்தாம் வளைவு வரை யாருடைய தயவும் இல்லாமல் வந்துவிட்டேன் என்று மிதப்பாக இருந்தது. பதினொன்றில் மூச்சு வாங்கியது. பதின்மூன்றில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இரண்டு வளைவுக்கு அப்பால் வேன் உறுமிக்கொண்டு வருவது கேட்டது.

பின்னாலிருந்து காலடிச் சத்தம். அவள்தான். மூச்சுகூட இரைக்கவில்லை.

“நடங்க அக்கா. நிக்கண்டாம். நின்னா கால் பிடிச்சுக்கும்.”

“நீ போடீ அம்மா! எனக்குத்தான் நல்ல விஷமம் ஆச்சே, என்கூட உனக்கென்ன வேலை?”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“டீக்கடைக்குப் பின்னால நின்னுண்டு உன் தங்கச்சிகிட்ட சொன்னியே. எல்லாம் கேட்டேன். அக்காவுக்கு நல்ல விஷமம், இப்போ சொன்னா இன்னும் கூடும்னு!”

“ஆமா, சொன்னேன்” என்றாள். “விஷமம் தானே இருந்துச்சு? அன்னிக்கு நீங்க எவ்வளவு அழுது கரைஞ்சீங்க! எனக்குக் கொச்சிக்கு ட்ரான்ஸ்பர் ஆயிடுச்சு அக்கா. இந்த மாசத்தோட போகணும். அதையும் அன்னிக்கே பறஞ்சா, நீங்க இன்னும் விஷமிச்சு, ரேஸே வேண்டாம்னு வெச்சுடுவீங்கன்னு பயந்தேன்.”

விஷமிச்சு. அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். ஆபீசில் தினம் பத்துத் தரம் கேட்கிற வார்த்தை. மேடம் விஷமிக்கண்டா என்று எத்தனை பேர் எனக்கே ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்! அவள் மலையாளத்தில் பேசியிருந்தால் அந்த நிமிஷமே புரிந்திருக்கும். தமிழ் வாக்கியத்துக்கு நடுவில் வந்ததால் என் காது அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டது. அதே பேச்சில் ‘கழியட்டும்’, ‘பறயலாம்’ என்று வேறு மலையாளமும் இருந்தது. ஒன்றைக்கூட நான் கணக்கில் எடுக்கவில்லை.

“ஷூ எங்கே?” என்று கேட்டேன்.

“கோச் ஹோட்டல்ல வந்து விசாரிச்சாரு அக்கா. மேனேஜர் எல்லார் முன்னாடியும் ரிஜிஸ்டர் எடுத்துப் பார்த்தாரு. எல்லாம் சரியா இருந்துச்சு. பொறவு எனக்குத்தான் அதைப் போட மனசு வரல.” குனிந்து கேன்வாஸ் ஷூவின் நாடாவை இறுக்கிக்கொண்டே, “யாரு கேட்டாங்கன்னு கோச் பறயல. எனக்குத் தெரியும்” என்றாள்.

சீ, நானும் ஒரு மனுஷியா என்றிருந்தது. அந்தக் கம்பியைத் தாண்டிப் பள்ளத்தில் குதித்துவிடலாம் போல இருந்தது. வேன் பன்னிரண்டாம் வளைவில் திரும்பியது. நான் ஏறிக்கொள்கிறேன், நீ போ என்றேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

“மணி ஏழு நாப்பத்தெட்டு. இன்னும் அஞ்சு வளைவு. வாங்க.”

பிறகு அவள் வேறு எதுவும் பேசவில்லை. “நடங்க.” “ஓடுங்க.” “நடங்க.” அவ்வளவுதான். நான்கு மாதமாக எனக்குச் சொல்லிக் கொடுத்ததையே திரும்பச் செய்ய வைத்தாள். இந்தத் தடவை ஏன் எதற்கு என்று மனசுக்குள்கூடக் கேட்காமல் நடக்கச் சொன்னால் நடந்தேன், ஓடச் சொன்னால் ஓடினேன். பதினெட்டாம் வளைவில் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். இன்னும் நான்கு நிமிஷம் பாக்கி இருந்தது. மீதி நாலு வளைவும் எப்படிப் போயின என்று எனக்கு ஞாபகமில்லை.

உச்சியில் பனி மூடியிருந்தது. கழுத்தில் பதக்கத்தை மாட்டிவிட்டார்கள். அவள் புல்லில் உட்கார்ந்து கேன்வாஸ் ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் சாக்ஸ் சிவப்பாக ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“தப்பு நடந்துபோச்சு. நீ மலையாளத்துல சொன்னதை நான் தமிழா எடுத்துண்டுட்டேன். பாஷையால வந்த வினை.”

அவள் சாக்ஸை மெதுவாக உரித்துக்கொண்டே சொன்னாள்.

“அக்கா, ரெண்டு அர்த்தமும் உங்களுக்குத் தெரியும். உங்க தெரு மாமி ஒருத்தி பறஞ்சிருந்தா நல்லதைத்தான் எடுத்திருப்பீங்க. நான் பறஞ்சதால கெட்டதை எடுத்தீங்க. அது பாஷை இல்ல.”

கோபமே இல்லாமல் சொன்னாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை. மன்னித்துக்கொள் என்றேன். “சாரமில்ல அக்கா, விடுங்க” என்று எழுந்து, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நொண்டி நொண்டிப் போனாள். கீழே கல்லாற்றில் நிற்கிற என் காரில் வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் என் கணவர் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரிடீம்மா, ஜெயிச்சுட்டே. இனிமே யாரு உன்னைக் கேக்கப்போறா, ஓடு” என்றார். ஓடத்தான் செய்கிறேன். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, சங்குமுகம் வரை தனியாகப் போய் வருகிறேன். யாரும் தடுக்கவில்லை.

அவள் கொச்சி போய் ஒரு மாதம் கழித்து, ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தேன். அவள் என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருப்பாள்.

“எப்படிம்மா இருக்கே? ஓடறியா?” என்றேன்.

“சுகமாணு சேச்சீ” என்றாள். “சேச்சிக்கு சுகந்தன்னே?”

நான் தமிழிலேயே கேட்டேன். புது இடம் பிடித்திருக்கிறதா, தங்கை எப்படி இருக்கிறாள், சாப்பாடெல்லாம் எப்படி. எல்லாவற்றுக்கும் மரியாதையாக, நிதானமாக, ஒரு தமிழ் வார்த்தைகூடக் கலக்காத மலையாளத்தில் பதில் சொன்னாள். ட்யூட்டியில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்பதையும் மலையாளத்தில்தான் சொன்னாள். அதற்குப் பிறகு நான்கைந்து தரம் பேசிவிட்டோம். அவள் என்னிடம் தமிழ் பேசுவதில்லை.